வாசகர் கேள்வி - பதில்: விலை மலிவான சவுண்ட் கார்டை எப்படிச் சோதிப்பது?

சென்ற இதழில் ஒரு பதிலின் ஓரத்தில், ‘விலை குறைவு என்பதற்காக ஒரு சவுண்ட் கார்டை மட்டம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்’ என்று எழுதியிருந்தேன். எப்படிச் சோதிப்பது என்று கேட்டு வந்தவைதான் இந்த முறை பெரும்பாலான கடிதங்கள். ஒலிப்பதிவுக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. மனத்துக்கு மிகவும் பிடித்த விஷயமும் அதுவே. ஆகவே இந்த இதழில் வேறு எதையும் தொடவில்லை.

கேள்வி: ஐயா, என் கணினியின் மதர்போர்டிலேயே ஒலி வசதி இருக்கிறது. யூஎஸ்பியில் செருகும் சிறிய சவுண்ட் கார்டு ஒன்றின் பெட்டியில் ‘24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அது மதர்போர்டைவிட நன்றாக ஒலிக்குமா? (கல்லூரி மாணவர்)

பதில்: அந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. இன்டெல் 2004-ஆம் ஆண்டு கொண்டுவந்த ‘ஹெச்டி ஆடியோ’ தரநிலையே 192 கிலோஹெர்ட்ஸ் வரை இடம் கொடுக்கிறது. உங்கள் மதர்போர்டின் விவரத்தாளைப் புரட்டினால் அதிலும் அதே எண்கள் இருக்க வாய்ப்பு அதிகம்.

பிட் என்பது ஒலி அளவை எத்தனை நுணுக்கமான படிகளாகப் பிரித்து எழுதுகிறோம் என்பதைக் குறிக்கிறது. 16 பிட்டில் கொள்கையளவில் கிடைக்கும் வீச்சு, அதாவது உச்ச ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி, ஏறக்குறைய 98 டெசிபல். 24 பிட்டில் அது 146 டெசிபல். இந்த 146-ஐ எட்டும் சவுண்ட் கார்டு எந்த விலையிலும் கிடையாது. மின்சுற்றின் சொந்த இரைச்சலே அதற்கு வெகு முன்னதாக குறுக்கே வந்து நின்றுவிடும். நீங்கள் சொல்லும் கார்டின் இரைச்சல் உச்ச ஒலிக்கு 85 டெசிபல் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது 14 பிட்டுக்கும் சற்றுக் குறைவான வேலையைத்தான் செய்கிறது. மீதிப் பத்துப் பிட்டும் இரைச்சலை நுணுக்கமாக எழுதிக்கொண்டிருக்கும். கலங்கல் நீரைப் பெரிய பாத்திரத்துக்கு மாற்றினால் தெளிந்துவிடுமா?

192 கிலோஹெர்ட்ஸும் அப்படித்தான். ஒலியை வினாடிக்கு எத்தனை முறை அளந்து மாதிரி எடுக்கிறோம் என்ற வேகம் அது. மாதிரி எடுக்கும் வேகத்தில் பாதி வரையுள்ள அலைவெண்களைப் பதிய முடியும் என்பது விதி. மனிதக் காதின் எல்லை இளம் வயதில் ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ். வயதாக ஆகக் குறைந்துகொண்டே வரும். 1982-இல் சந்தைக்கு வந்த சிடிக்கு 44.1 கிலோஹெர்ட்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டபோதே கேட்பதற்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

பெட்டியில் பார்க்க வேண்டியது, ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம். அதையும் கவனமாகப் படியுங்கள். பல நேரங்களில் அச்சிட்டிருப்பது உள்ளே இருக்கும் சிப்பின் அளவு, கார்டின் அளவு அல்ல. சிப் தயாரிப்பாளர் தன் ஆய்வகத்தில், சுத்தமான மின்சாரத்தில், தானே வடிவமைத்த பலகையில் எடுத்த அளவு அது. அதே சிப்பை விசிறிக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் நடுவே, மலிவான மின்தேக்கிகளோடு வைத்தால் அந்த எண் அப்படியே கிடைக்காது. இன்னொன்று: ‘ஏ-வெயிட்டட்’ என்று சிறு எழுத்தில் இருந்தால் காதின் உணர்திறனுக்கு ஏற்ப அளவைத் திருத்தியிருக்கிறார்கள் என்று பொருள். முறையான வழிதான் அது. ஆனால் அந்தத் திருத்தத்தில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் 30 டெசிபலும், 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் 19 டெசிபலும் குறைத்து மதிப்பிடப்படும். கணிசமான ரீங்காரம் உள்ள கார்டுகூட அந்தக் கணக்கில் அழகாகத் தெரியும்.

கேள்வி: அளவுகளைப் பற்றி எழுதுகிறீர்கள். என்னிடம் எந்தக் கருவியும் இல்லை. ஒரு ஹெட்ஃபோனும் இரண்டு காதுகளும் மட்டும்தான். வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா? (மொழிபெயர்ப்பாளர்)

பதில்: உண்டு, அம்மா. தாராளமாக உண்டு. எனக்குத் தெரிந்து மலிவான கார்டுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் சோதனைகளில் முதன்மையானது இதுதான்: பாட்டைப் போடாதீர்கள், நிசப்தத்தைப் போடுங்கள்.

‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருளில் ஐந்து நிமிட நிசப்தத்தை உருவாக்கி, ஒரு கோப்பாகச் சேமியுங்கள். அதை ஒலிக்கவிடுங்கள். ஒன்றுமே ஒலிக்காதபோது கேட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. எதுவும் ஓடாதபோது பல கார்டுகள் மின்சாரத்தைச் சேமிக்க வெளியீட்டையே அணைத்துவிடும். பாட்டுத் தொடங்கும் கணத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தம் வருகிறதே, அது அணைந்திருந்த சுற்று விழித்துக்கொள்ளும் சத்தம். நிசப்தக் கோப்பு ஓடிக்கொண்டிருந்தால்தான் கார்டு விழித்திருக்கும், அதன் சொந்தக் குரல் வெளியே வரும்.

வால்யூமை நீங்கள் வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் அளவில் வையுங்கள். உச்சத்தில் வைத்துவிட்டு ‘இரைச்சல் வருகிறது’ என்று தீர்ப்புச் சொல்வது நியாயமல்ல. இப்போது கண்ணை மூடிக்கொண்டு என்ன கேட்கிறது என்று பாருங்கள். மென்மையான, சீரான ‘ஸ்ஸ்’ மட்டும் தூரத்தில் கேட்டால் அது சுற்றின் இயல்பான இரைச்சல். பாட்டு வந்ததும் மறைந்துவிடும். பிறகு மவுஸை வேகமாக அசையுங்கள். நீளமான பக்கமொன்றை மேலும் கீழும் உருட்டுங்கள். பெரிய கோப்பு ஒன்றை ஒரு வட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுங்கள். கிராஃபிக்ஸ் அதிகம் கேட்கும் விளையாட்டு இருந்தால், அதன் ஒலியை அணைத்துவிட்டு ஓடவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் காதில் கீச்சுச் சத்தமோ உரசலோ கூடவே மாறினால், கணினியின் மின்சத்தம் கார்டுக்குள் கசிகிறது என்று அர்த்தம். எத்தனை பிட் எழுதியிருந்தாலும் உங்கள் கணினிக்கு அந்தக் கார்டு பொருந்தவில்லை.

சத்தத்தின் சுருதியைக் கவனித்தால் அது எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிடும். அடித்தொண்டையில் முனகுவது போன்ற ரீங்காரம் என்றால் மின்சார விநியோகத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ், அல்லது அதன் இரட்டிப்பு. ஆடாமல் அசையாமல் ஒரே சுருதியில் நிற்கும் நடுத்தரக் கீச்சு, ஏறக்குறைய 1 கிலோஹெர்ட்ஸ் என்றால், அது யூஎஸ்பியின் தாளம். பழைய வேகத்தில் ஓடும் யூஎஸ்பி கருவியோடு கணினி ஒவ்வொரு மில்லி வினாடிக்கும் ஒருமுறை பேசுகிறது; வினாடிக்கு ஆயிரம் முறை. வேகம் கூடிய யூஎஸ்பி 2.0-இல் அது எட்டாயிரம் முறை. அப்போது கூர்மையான 8 கிலோஹெர்ட்ஸ் ஊசிச் சத்தமாகக் கேட்கும். இந்த இரண்டையும் ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால் பிறகு எங்கே கேட்டாலும் காது சட்டென்று பிடித்துவிடும்.

நிசப்தம் தேறிவிட்டதா? அடுத்தது மிக மெல்லிய ஒலி. அதே ஆடாசிட்டியில் 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை (ஒரே சுருதியில் நிற்கும் தூய ஒலி) வீச்சு, அதாவது அலையின் உயரம், 0.001 என்று வைத்து உருவாக்குங்கள். உச்ச ஒலிக்கு 60 டெசிபல் கீழே இருக்கும் ஒலி அது. அமைதியான அறையில் வால்யூமைச் சற்றுக் கூட்டிக் கேளுங்கள். நல்ல கார்டில் சன்னமாக, ஆனால் தூய்மையாக, நூல் பிடித்ததுபோல் ஒரே கோடாகக் கேட்கும். மோசமான கார்டில் இரைச்சலுக்குள் முங்கி எழும், அல்லது கரகரக்கும். தம்பூரா மட்டும் ஒலிக்கும் பதிவு இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். மீட்டிய தந்தியின் ஒலி தேய்ந்து தேய்ந்து போகும் இடம்வரை அதைத் தொடர முடிகிறதா, நடுவழியில் ‘ஸ்ஸ்’ விழுங்கிவிடுகிறதா என்று கேளுங்கள். ஆரவாரமான பாடல்களை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அவை எல்லாக் குறையையும் மூடிவிடும்.

கடைசியாக உச்சம். வீச்சு 1 உள்ள அதே சைன் அலையை ஒலிக்கவிடுவதற்கு முன் ஹெட்ஃபோனைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிடுங்கள். இது கட்டாயம், காது போனால் வராது. கார்டின் வால்யூமை 100-இல் வைத்து, தூரத்திலிருந்தே கேளுங்கள். பிறகு 80-க்கு இறக்குங்கள். 80-இல் புல்லாங்குழல்போல் மழமழவென்று இருந்த ஒலி 100-இல் நாதஸ்வரச் சீவாளிபோல் கரகரத்தால், அந்தக் கார்டின் பெருக்கி உச்சத்தில் அலையின் தலையைச் சீவிவிடுகிறது. மலிவான கார்டுகள் பலவற்றில் இந்தக் குறை உண்டு. கார்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. வால்யூமை 80-க்கு மேல் ஏற்றாமல் பயன்படுத்தினால் போதும்.

கேள்வி: ‘ரைட்மார்க் ஆடியோ அனலைசர்’ போட்டு என் கார்டைச் சோதித்தேன். வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு கேபிள் போட்டேன். இரைச்சல் மைனஸ் 72 டெசிபல் என்று வந்து, சுமார் என்று மதிப்பெண் போட்டுவிட்டது. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. எதை நம்புவது? (பொறியியல் மாணவி)

பதில்: இரண்டையும் நம்பலாம், அம்மா. அந்த மென்பொருள் அளந்தது வெளியீட்டை மட்டும் அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கேபிள் போட்டுச் சுற்றிவரச் செய்யும்போது, ஒலியாக மாற்றும் சுற்று, திரும்ப எண்ணாக மாற்றும் சுற்று ஆகிய இரண்டின் குறைகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. மலிவான கார்டுகளில் உள்ளீட்டுப் பக்கம்தான் வழக்கமாக நோஞ்சான். எண் எதைக் குற்றம் சொல்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கேபிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வெளிர் நீலத் துளை லைன்-இன் (பிற ஒலிக்கருவிகளின் வெளியீட்டை உள்ளே வாங்குவது), இளஞ்சிவப்பு மைக். மைக் துளையில் செருகியிருந்தால் அந்த அளவை மறந்துவிடுங்கள். மைக் உள்ளீடு சில மில்லி வோல்ட்டுக்கு அமைந்தது. லைன் வெளியீடு ஒரு வோல்ட் அளவுக்கு வரும். லைன்-இன்னில்தான் போட்டேன் என்றால், உள்ளீட்டைக் கூடுதலாகப் பெருக்கும் ‘பூஸ்ட்’ பூஜ்யத்தில் இருக்கிறதா, ஒலியை மெருகேற்றுவதாகச் சொல்லும் எல்லா வசதிகளும் அணைக்கப்பட்டிருக்கின்றனவா, ஒலிப்பதற்கும் பதிவதற்கும் மாதிரி எடுக்கும் வேகத்தை ஒன்றாகவே கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒருபக்கம் 44.1, மறுபக்கம் 48 என்று இருந்தால் இயங்குதளம் நடுவில் புகுந்து மாற்றிக்கொடுக்கும். உங்கள் அட்டவணையில் வருவது அந்த மாற்றத்தின் சிதைவாகவும் இருக்கலாம். உள்ளீட்டு அளவு உச்சத்துக்கு ஒரு டெசிபல் கீழே நிற்க வேண்டும். பத்து டெசிபல் கீழே விட்டால் அந்தப் பத்தும் இரைச்சல் கணக்கில் போய்விடும்.

இத்தனையும் சரி என்றால், நான் மேசையில் செய்யும் ஒரு காரியத்தைச் செய்யுங்கள். அறுந்துபோன ஆடியோ கேபிளிலிருந்து 3.5 மி.மீ. பிளக்கை வெட்டியெடுத்து, அதன் மூன்று கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிப் பற்றவையுங்கள். இந்தப் பிளக்கை லைன்-இன்னில் மட்டும் செருகிப் பதிவுசெய்யுங்கள். (தவறிக்கூட வெளியீட்டில் செருகாதீர்கள், பெருக்கி போய்விடும்.) உள்ளே வரும் சமிக்ஞை இப்போது பூஜ்யம். பதிவில் தெரிவது உள்ளீட்டின் சொந்த இரைச்சல் மட்டுமே. அதுவும் மைனஸ் 72-ஐ ஒட்டியே வந்தால் குற்றவாளி உள்ளீடு என்று தெரிந்துவிடும். பாட்டுக் கேட்பதற்கு அது ஒரு பொருட்டே அல்ல. உங்கள் காது சொன்னது சரி. மைனஸ் 90 வந்தால்தான் வெளியீட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

மென்பொருள் போடும் மதிப்பெண்களை நான் பார்ப்பதே இல்லை. வரைபடத்தைத்தான் பார்ப்பேன். இரைச்சல் புல்தரைபோல் சமமாகப் படுத்திருந்தால் மைனஸ் 75 கூடத் தொந்தரவு செய்யாது. அதே மைனஸ் 75, ஒரே அலைவெண்ணில் குச்சிபோல் எழுந்து நின்றால் காது அதைத் தேடிப் பிடித்துவிடும். ஒற்றை எண்ணில் இந்த வித்தியாசம் தெரியாது.

கேள்வி: நண்பர் ஒருவர் புதிதாக ஒரு கார்டு வாங்கியிருக்கிறார். என்னுடைய மலிவான கார்டைவிட அதில் ஒலி ‘விரிந்து திறந்து’ கேட்கிறது என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உண்மையாக இருக்குமா? (வங்கி ஊழியர்)

பதில்: இருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே சத்தத்தில் ஒலித்தனவா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் மற்ற எதையும் பேசுவதில் பயனில்லை.

இரண்டு கார்டுகளில் ஒன்று கொஞ்சம் கூடுதலாக ஒலித்தால், காது அதைச் ‘சத்தம் அதிகம்’ என்று சொல்லாது. ‘தெளிவு அதிகம், பாஸ் அதிகம்’ என்றுதான் சொல்லும். சத்தம் குறையும்போது தாழ்ந்த ஒலிகள் காதுக்கு மற்றவற்றைவிடக் கூடுதலாகக் குறைந்து கேட்கும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஒரு கார்டு 0.50 வோல்ட்டும் இன்னொன்று 0.53 வோல்ட்டும் கொடுத்தால் வித்தியாசம் அரை டெசிபல். சத்தம் கூடியிருக்கிறது என்று தோன்றவே தோன்றாது. ஆனால் எது நன்றாக இருக்கிறது என்ற தீர்ப்பை மாற்ற அது போதும்.

ஆகவே முதல் வேலை, சமப்படுத்துவது. 200 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஒலிக்கவிட்டு, ஹெட்ஃபோனையும் ஒரு இரட்டைப் பிரிப்பான் வழியாக இணைத்தபடியே, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளங்கள். (சாதாரண மல்டிமீட்டர்கள் உயர்ந்த அலைவெண்களில் சரியாகக் காட்டாது; அதனால்தான் 200.) இரண்டு கார்டிலும் ஒரு விழுக்காட்டு வித்தியாசத்துக்குள் வரும்வரை வால்யூமைத் திருத்துங்கள். ஒரு விழுக்காடு என்றால் 0.1 டெசிபலுக்கும் குறைவு.

அடுத்தது, எந்தக் கார்டு ஒலிக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது. நண்பர் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, உங்கள் முதுகுக்குப் பின்னால் மாற்றட்டும். நீங்கள் எது என்று சொல்லுங்கள். பேச்சு கூடாது, முகபாவம் கூடாது. பதினாறு முறையில் பத்து முறை சரியாகச் சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள்; குருட்டாம்போக்கில் சொன்னாலே பத்தோ அதற்கு மேலோ சரியாக அமைய 23 விழுக்காடு வாய்ப்பு உண்டு. பன்னிரண்டும் அதற்கு மேலும் என்றால் அந்த வாய்ப்பு 4 விழுக்காட்டுக்குக் கீழே போய்விடுகிறது. அப்போது நண்பர் சொல்வதில் பொருள் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம்.

இப்படிச் சமப்படுத்திக் கேட்டால், ஓரளவு ஒழுங்காகச் செய்யப்பட்ட மலிவான கார்டுக்கும் விலையுயர்ந்த கார்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோகும் என்பது என் அனுபவம். கரையாமல் நிற்கும் வித்தியாசத்துக்குக் கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு காரணம் இருந்தே தீரும். அடுத்த கடிதம் அப்படிப்பட்டதுதான்.

கேள்வி: என் கணினியின் வெளியீட்டில் ஸ்பீக்கரை இணைத்தால் பாஸ் நன்றாக இருக்கிறது. அதே துளையில் 32 ஓம் ஹெட்ஃபோனைச் செருகினால் சப்பென்று இருக்கிறது. கைப்பேசியில் அதே ஹெட்ஃபோன் அருமையாக ஒலிக்கிறது. சவுண்ட் கார்டு பழுதா? (மிருதங்கம் பயிலும் மாணவர்)

பதில்: பழுது இல்லை, சிக்கனம். மிருதங்கம் வாசிப்பவரின் காது சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. தொப்பியின் கும்கிதான் முதலில் காணாமல் போயிருக்கும்.

பல கார்டுகளில் வெளியீட்டுக்கு முன்னால் ஒரு மின்தேக்கி உண்டு. நேர் மின்னோட்டத்தைத் தடுத்து ஒலியை மட்டும் விடுவது அதன் வேலை. ஆனால் அந்த மின்தேக்கியும் அதன் பின்னால் இணைக்கும் கருவியின் மின்தடையும் சேர்ந்து ஒரு வடிகட்டி ஆகிவிடுகின்றன. ஓர் எல்லைக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை அது குறைத்துவிடும். 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் 32 ஓம் ஹெட்ஃபோனும் சேர்ந்தால் அந்த எல்லை 50 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் 3 டெசிபல் குறைந்திருக்கும், அதற்குக் கீழே சரிவுதான். 16 ஓம் இயர்போன் என்றால் எல்லை 100 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். பாஸில் பாதி போன மாதிரி. ஸ்பீக்கருக்குள் இருக்கும் பெருக்கியின் உள்ளீட்டு மின்தடையோ ஏறக்குறைய பத்தாயிரம் ஓம். அதே மின்தேக்கியோடு எல்லை 0.2 ஹெர்ட்ஸுக்கும் கீழே. அதனால்தான் ஸ்பீக்கரில் எல்லாம் கேட்கிறது. தயாரிப்பாளர் 220 மைக்ரோஃபாரட் போட்டிருந்தால் உங்கள் ஹெட்ஃபோனுக்கு எல்லை 23 ஹெர்ட்ஸில் நின்றிருக்கும், உங்களுக்கும் இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது. இவ்வளவு சின்ன உறுப்பில் மிச்சம் பிடிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இன்னொரு காரணமும் உடன் இருக்கலாம். லைன் வெளியீடு என்றே கருதி, பாதுகாப்புக்காக 75 அல்லது 100 ஓம் மின்தடையைத் தொடராகப் போட்டுவிடுவார்கள். 100 ஓம் வழியாக 32 ஓம் ஹெட்ஃபோனுக்குச் சென்றால் மின்னழுத்தத்தில் நான்கில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். 12 டெசிபல் இழப்பு. ஒலி குறைவதோடு நிற்பதில்லை. ஹெட்ஃபோனின் மின்தடை எல்லா அலைவெண்ணிலும் ஒன்றாக இருக்காது. ஏறுமிடத்தில் ஒலியும் ஏறும், இறங்குமிடத்தில் இறங்கும். ஒரே ஹெட்ஃபோன் இரண்டு கார்டுகளில் இரண்டு குணத்தோடு ஒலிப்பதற்கு இதுவே முதல் காரணம். ஹெட்ஃபோன் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் கார்டின் வெளியீட்டு மின்தடை இருந்தால் கவலை இல்லை என்பது எங்கள் தொழிலில் கைக்கணக்கு. 32 ஓமுக்கு 4 ஓம்.

சோதிப்பது எளிது. 40 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஒலிக்கவிட்டு, ஹெட்ஃபோனைச் செருகாமல் ஒருமுறையும் செருகி ஒருமுறையும் மல்டிமீட்டரில் அளங்கள். பிறகு 400 ஹெர்ட்ஸில் அதேபோல. இரண்டிலும் சமமாக இறங்கினால் தொடர் மின்தடை. 40-இல் மட்டும் கூடுதலாக இறங்கினால் மின்தேக்கி. எதுவானாலும் நடுவில் ஒரு சிறிய ஹெட்ஃபோன் பெருக்கியைப் போட்டால் இரண்டும் தீர்ந்துவிடும். வெளியீட்டு மின்தேக்கியே தேவைப்படாத வடிவமைப்பிலும் இப்போது யூஎஸ்பி கார்டுகள் நிறைய வருகின்றன. அவற்றில் ஒன்றும் தீர்வாகும்.

கேள்வி: மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டதும் ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று ரீங்காரம். பிடுங்கினால் நின்றுவிடுகிறது. கார்டை மாற்றவா? (புகைப்படக் கலைஞர்)

பதில்: மாற்ற வேண்டாம். சார்ஜர் வழியாகவும் ஸ்பீக்கர் வழியாகவும் பூமி இணைப்பு இரண்டு பாதைகளில் சுற்றி வருகிறது. அந்த வளையத்தில் ஓடும் மின்னோட்டம்தான் ரீங்காரம். புதுக் கார்டிலும் அப்படியே வரும். இரண்டு கருவிகளையும் ஒரே சுவர்ப் பலகையில் செருகிப் பாருங்கள். போகவில்லையென்றால் ஆடியோ கேபிளின் நடுவே ஒரு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். ஒளிவழிக் கேபிள் வசதி இரண்டு பக்கமும் இருந்தால் அதுவே சிறந்தது. கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. பூமிக் கம்பியை வெட்டிவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது உயிரோடு விளையாடுவது.

கேள்வி: தங்கமுலாம் பூசிய ஜாக் இருந்தால் ஒலி மேம்படுமா?

பதில்: துருப்பிடிக்காது. ஒலி மேம்படாது.

கேள்வி: ‘7.1’ என்று எழுதிய யூஎஸ்பி கார்டு வாங்கினேன். ஆனால் ஹெட்ஃபோனுக்கு ஒரே ஒரு துளைதான் இருக்கிறது. (பள்ளி மாணவர்)

பதில்: தம்பி, எட்டு ஒலிவழிகளுக்கு நான்கு ஸ்டீரியோ துளைகள் வேண்டும். ஒரே துளையில் வருவது இரண்டு வழிகள்தான். மீதியை மென்பொருள் எதிரொலி சேர்த்துப் போலியாகக் காட்டுகிறது. பாட்டுக் கேட்கும்போது அந்த வசதியை அணைத்துவிடு. அணைத்த பிறகு, மேலே சொன்ன நிசப்தச் சோதனையைச் செய்து பார். இத்தகைய கார்டுகளில் பல, சாதாரண ஸ்டீரியோ கார்டாகக் குறைவில்லாமல் உழைக்கும்.

கேள்வி: என் தந்தையார் பாடிய பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்ற வேண்டும். திரும்ப ஒருமுறை செய்ய முடியாத வேலை, நாடா நைந்துகொண்டிருக்கிறது. மலிவான கார்டு போதுமா, நல்லதாக வாங்கட்டுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: அம்மா, இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் கார்டு அல்ல.

சாதாரணக் கேசட்டின் இரைச்சல் உச்ச ஒலிக்கு 50 முதல் 60 டெசிபல் கீழேதான் இருக்கும். நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி-பி வசதி இருந்தால் மேல் அலைவெண்களில் இன்னும் பத்து டெசிபல் கிடைக்கும். லைன்-இன்னின் இரைச்சல் மைனஸ் 80 உள்ள கார்டுகூட உங்கள் நாடாவைவிட அமைதியானது. அதைவிடச் சிறந்த கார்டு நாடாவின் ‘ஸ்ஸ்’ சத்தத்தை இன்னும் துல்லியமாகப் பதியும், அவ்வளவுதான். ஆனால் கார்டில் உண்மையான லைன்-இன் இருக்க வேண்டும். சிறிய யூஎஸ்பி கார்டுகளில் பெரும்பாலும் மைக் துளை மட்டுமே இருக்கும். அது ஒற்றை ஒலிவழி, போதாக்குறைக்கு மைக்குக்கான மின்னழுத்தத்தையும் வெளியே அனுப்பும். கேசட் டெக்கின் வெளியீட்டை அதில் செருகினால் ஒலி நொறுங்கும்.

பணத்தையும் நேரத்தையும் டெக்கில் செலவிடுங்கள். ஹெட்டை, அதாவது நாடாவைத் தொட்டுப் படிக்கும் முனையை, ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பழுப்பாக வருவது நின்று, பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை. பிறகு ஹெட்டின் சாய்வு. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். நாடாவை ஓடவிட்டு, ஒலியை மோனோவுக்கு மாற்றிக்கொண்டு, அந்தத் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். போர்வை விலகியதுபோல் ‘ச’, ‘ஸ’ எழுத்துகள் பளிச்சென்று கேட்கும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்துங்கள். இந்தத் திருத்தத்தை உங்கள் தந்தையாரின் நாடாவில் பழகாதீர்கள். போனால் போகட்டும் என்ற வேறொரு கேசட்டில் கை பழகிய பிறகு, அவருடைய நாடாவுக்கு ஒருமுறை நுணுக்கமாகச் சரிசெய்துகொள்ளுங்கள். அது பதிவான டெக்கின் சாய்வு வேறாக இருந்திருக்கும்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். 24 பிட்டைக் கேலி செய்துவிட்டு இதைச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். பதிவு செய்யும்போது அது வேறு வகையில் உதவும். பாட்டு திடீரென்று உயரும் இடங்களுக்காக அளவைப் பன்னிரண்டு டெசிபல் தாழ்த்தி வைத்துக்கொண்டாலும் நுணுக்கம் குறையாது. இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலப் பதிவின் மேல் ஓட்டாதீர்கள். மூலத்தை அப்படியே இரண்டு வெவ்வேறு வட்டுகளில் வைத்துவிட்டு, நகலில் செய்யுங்கள்.

கேள்வி: என் கணினியில் நிசப்தத்திலும் உரசல் சத்தம் வருகிறது. மவுஸை அசைத்தால் கூடுகிறது. வெளியே வைக்கும் யூஎஸ்பி கார்டு வாங்கினால் போய்விடுமா? ஹெட்ஃபோனைப் பெட்டியின் முன்பக்கத் துளையில்தான் செருகுகிறேன். (கணக்காளர்)

பதில்: கடிதத்தின் கடைசி வரியிலேயே விடை இருக்கலாம். முன்பக்கத் துளைக்கு மதர்போர்டிலிருந்து ஒரு மெல்லிய கம்பி பெட்டிக்குள் நீளமாக ஓடி வருகிறது. பல பெட்டிகளில் அதற்கு உறை சரியாக இருக்காது. கிராஃபிக்ஸ் கார்டையும் வட்டுகளின் மின்கம்பிகளையும் உரசிக்கொண்டு வரும்போது எல்லாச் சத்தத்தையும் அள்ளிக்கொண்டு வரும். முதலில் பின்பக்கத்து இளம்பச்சைத் துளையில் செருகிக் கேளுங்கள். உரசல் நின்றுவிட்டால் புதிதாகக் கார்டு வாங்க வேண்டியதில்லை. மேசைவரை எட்டும் 3.5 மி.மீ. நீட்டிப்புக் கேபிள் ஒன்று போதும். பின்பக்கத்திலும் நிற்கவில்லை என்றால் யூஎஸ்பி கார்டு வாங்குங்கள். அதையும் பின்பக்கத் துளையில், வட்டுகள் எதுவும் செருகாத பக்கமாகச் செருகி, நிசப்தக் கோப்பை ஓடவிட்டு மவுஸை அசைத்துப் பாருங்கள். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.